என் காந்தாரத்தைத் திருத்தியவர்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு சபைக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பாடகர் குழு பதிவு செய்த புதுப் பாட்டை அன்றுதான் முதன்முதலாகப் போட்டுக் காட்டினார்கள். போதகர் சின்னதாக ஜெபம் செய்துவிட்டு மடிக்கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினார். இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்த பெரிய ஸ்பீக்கர்களில் பாட்டு வந்தது. திரையில் எங்கள் பெயர்கள் ஓடின. இரண்டாம் சரணம் முடிந்ததும் என் கிட்டார் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. கேட்டது என் கிட்டார் சத்தம்தான். ஆனால் நான் வாசித்தது அது இல்லை.

முதலில் என் காதைச் சந்தேகப்பட்டேன். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் இரட்டை வேலை பார்த்திருந்தேன், தூக்கம் போதவில்லை. இரண்டாவது வரியும் வந்தபோது சந்தேகம் தீர்ந்தது. நான் கம்பியை வலித்து விசும்ப வைத்த இடத்தில் எல்லாம் ஒரு நேரான, இனிப்பான சுரம் வந்து உட்கார்ந்திருந்தது. மழமழவென்று தேய்த்து எடுத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலிப் பெண்கள் என் கையைப் பிடித்து, "நல்லா இருக்குட்டி" என்றார்கள். நான் சிரிக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

ஒரு சுரத்துக்கு இத்தனை கோபமா என்று பிறகு பலர் கேட்டார்கள். அவர்களுக்காக, நான் வாசித்தது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் நர்ஸ். நெய்யூரில் படித்து, கல்யாணத்துக்குப் பிறகு பல வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்தேன். அங்கே ஒரே அறையில் என்னோடு இருந்தவள் பிலிப்பைன்ஸ்காரி, அவளும் நர்ஸ், கிட்டத்தட்ட என் வயது. அவளிடம் ஒரு கிட்டார் இருந்தது. நான் அவளுக்கு மீன்குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவள் எனக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்குப் பிடித்தது ப்ளூஸ். அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்தவர்கள் உண்டாக்கிய பாட்டு அது. பெரும்பாலும் மூன்றே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள், அவையே சுற்றிச் சுற்றி வரும். பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். வாசிக்கப் போனால்தான் தெரியும்.

ஏ என்கிற சுருதியில் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். கிட்டார் கழுத்தில் ஐந்தாம் ஃப்ரெட் என்கிற கட்டத்தில் விரல்களை வைத்தால் மைனர் ஸ்கேல், மைனர் சுர வரிசை, வரும். அதே விரல் அமைப்பை மூன்று ஃப்ரெட் கீழே இறக்கினால் மேஜர் ஸ்கேல். மேஜரில் வாசித்தால் மனம் லேசாகும், மைனரில் தொண்டை அடைக்கும். நான் முதலில், பாட்டுக்குத் தக்கபடி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அதிலேயே ஓட்டினால் போதும் என்று நினைத்தேன். அப்படி வாசித்தும் காட்டினேன். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

ப்ளூஸில் இரண்டும் வரும். ஒரே பாட்டில், ஒரே வரியில்கூட வரும். ஏ கார்டு ஓடும்போது மேஜரின் மூன்றாம் சுரத்தைத் தொடலாம். நம் சங்கீதத்தில் அதைத்தான் அந்தர காந்தாரம் என்கிறோம். பாட்டு டி கார்டுக்கு மாறியதும் அதையே பிடித்துக்கொண்டு நின்றால் அசட்டுத்தனமாகக் கேட்கும். அங்கே அரைச் சுரம் இறங்கி மைனரின் காந்தாரத்துக்கு, சாதாரண காந்தாரத்துக்கு, வர வேண்டும். இது விருப்பத்துக்குச் செய்வதில்லை. ப்ளூஸில் வாசிக்கிற டி செவன்த் கார்டின் வயிற்றுக்குள்ளேயே அந்தச் சுரம் இருக்கிறது. அதைக் கேட்டு இறங்க வேண்டும். இதற்கும் மேலே ஒன்று உண்டு. மைனர் காந்தாரத்தை அமுக்கிப் பிடித்துக் கம்பியை விரலால் மேலே தள்ளி, மேஜர் காந்தாரத்துக்குப் போகிற வழியில் பாதியில் நிறுத்துவது. அதுதான் ப்ளூஸின் உயிர். அவள் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "போய்ச் சேந்துராத. சேந்துட்டேன்னா அழுகை நின்னுரும்."

அந்தப் பாதியில் நிறுத்துகிற இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனையோ விடுமுறை வெள்ளிக்கிழமைகள் ஆயின. ஒன்று குறைவாக நிற்கும், இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடும். விரல் நுனி தோல் உரிந்து, கையுறை போடும்போது எரியும். ஒரு நாள் அது வந்தது. வந்தபோது அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி வெங்காயம் நறுக்கினாள்.

ஊர் திரும்பி, மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சபைப் பாடகர் குழுவில் ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடும் ஒருத்தி எனக்கு நல்ல சிநேகிதி. பள்ளிக்கூட டீச்சர். போன வருடம் அவள் கணவர் திடீரென்று இறந்துபோனார். சில மாதம் அவள் பாடகர் குழுவுக்கே வரவில்லை. பிறகு ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, தானே எழுதி மெட்டமைத்த ஒரு பாட்டைப் பாடிக் காட்டினாள். பாட்டு மேஜரில்தான் இருந்தது, நம்பிக்கையைச் சொல்லும் பாட்டு. ஆனால் ஒவ்வொரு சரணத்திலும் ஓர் இடத்தில் 'ஏன்' என்று ஒரு கேள்வி வரும். அந்த இடத்தில் கார்டு டி-க்குப் போகும். அவளுக்கு ப்ளூஸ் என்ற பெயர்கூடத் தெரியாது.

"நீ வாசிக்கியே, ஒரு மாதிரி அழுது முடிக்காத சத்தம். எனக்க பாட்டுல அது வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள்.

ஒரு மாதம் அதற்காக உழைத்தேன். காலையில் டியூட்டிக்குக் கிளம்பும் முன்பு, மாலையில் துணி காயப்போட்ட பிறகு, கிடைத்த நேரமெல்லாம். ஏ கார்டில் மேஜரில் தொடங்கி, 'ஏன்' என்கிற இடத்துக்குக் கார்டு மாறும்போது மைனருக்கு இறங்கி, அங்கிருந்து கம்பியைத் தள்ளிப் பாதியில் நின்று, மறுபடி ஏ வரும்போதுதான் மேஜருக்குப் போய்ச் சேர்வது. அந்த அமைப்பில் எனக்குத் திருப்தி இருந்தது.

பதிவு புதுக்கடையில், ஒரு மெத்தைக் கடைக்கு மேல் இருக்கும் ஸ்டூடியோவில் நடந்தது. அதை நடத்துகிறவர் முப்பது வயதுக்காரர், கல்யாண வீடியோக்களுக்கு இசை சேர்ப்பதுதான் அவருடைய முக்கியமான தொழில். நான் வாசித்து முடித்ததும் கட்டை விரலை உயர்த்திக் காட்டி, "ஓகேக்கா" என்றார். எனக்கு மாலை டியூட்டி. கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்துப் போய்விட்டேன். நான் போன பிறகு பாடகர் குழுத் தலைவர் அங்கே வந்து எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

அவரைச் சபையில் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆர்மோனியம் வாசிப்பார், கீர்த்தனைகளை ராகம் பிசகாமல் பாடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டு முடிந்து எல்லோருக்கும் டீயும் ரசவடையும் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் நேராக அவரிடம் போனேன்.

"சார், எனக்க சோலோவ யாரு மாத்தினது?"

அவர் வடையை முழுங்கிவிட்டு அன்பாகச் சிரித்தார். "மாத்தல்ல மோளே. சரியாக்கினோம். ரெண்டு மூணு எடத்துல அபசுரம் கெடந்துது. நீ மனசு சங்கடப்பட்டு வெப்ராளப்படுவியேன்னுதான் சொல்லல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு அமுக்கு, தீந்துது. யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது! என் சேலையில் இருந்த கறையை ஊர் பார்க்காமல் மறைத்துக் கொடுத்தவர் மாதிரி சொன்னார். நான் நன்றி சொல்வேன் என்றுகூட எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அது அபசுரம் இல்ல சார். அறிஞ்சுதான் வாசிச்சேன்."

"அறிஞ்சா? பாட்டு மேஜர். மேஜர்ல மைனர் காந்தாரம் எங்க இருந்து வந்துது?"

"நீங்க காபி ராகத்துல கீர்த்தனை பாடும்போ ரெண்டு காந்தாரமும் வரும் இல்லியா சார்? அது எங்க இருந்து வருது?"

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். யோசித்தார் என்பதை நான் மறுக்கவில்லை. பிறகு சொன்னார்: "அது ராகம். அதுக்கு ஒரு எலக்கணம் உண்டு. இது கிட்டாரு."

"இதுக்கும் எலக்கணம் உண்டு சார்."

"சரி, அத விடு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுரம் நின்னுதே, அது எந்த எலக்கணத்துல உள்ளது? நான் சொல்லட்டா? கை பலம் காணாது மோளே. பொம்பளப் பிள்ளைக்க விரலு. கம்பி பாதி தூரம் போய் நின்னு போச்சு. அதுல ஒரு குறைச்சலும் இல்ல. அதுக்குத்தான் கம்ப்யூட்டர் இருக்கு."

சுற்றிலும் ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தம்ளரைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். தடித்த தடித்த ஆண்களைக் கட்டிலில் புரட்டிப் போட்டு முதுகு துடைத்த கை இது. நினைவில்லாதவர்களைத் தூக்கி உட்கார வைத்த கை. கம்பியை மேஜர் காந்தாரம்வரை என்ன, அதையும் தாண்டித் தள்ள எனக்குத் தெரியும். தள்ளாமல் நிறுத்துவதற்குத்தான் பலம் வேண்டும். அவர் பாடும்போது ஒரு சுரத்துக்கும் இன்னொரு சுரத்துக்கும் நடுவே குரலை அசைக்கிறார், சபை கண்ணை மூடி ரசிக்கிறது. அங்கே யாரும் அவருடைய தொண்டைக்குப் பலம் காணாது என்று சொல்வதில்லை. இதையெல்லாம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தம்ளரை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

என் கணவர் பைக்கில் காத்திருந்தார். பைப்பும் மோட்டாரும் விற்கும் கடை வைத்திருக்கிறார், சபையில் முக்கால்வாசிப் பேர் அவருடைய வாடிக்கைக்காரர்கள். வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"விடுட்டி. சபைக்குள்ள எதுக்குச் சண்டை? நல்லாத்தானே இருந்துது?"

"நல்லா இருந்துதா? ஒரு மாசம் இந்த வீட்டுக்குள்ள நான் வாசிச்சது என்ன, அங்க கேட்டது என்ன? உங்களுக்கு வித்தியாசம் தெரியல்லியா?"

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியல்லியே" என்றார்.

சார் மேல் வந்த கோபத்தைவிட அது அதிகமாக வலித்தது. அன்றைக்குச் சோறு போட்டேன், குழம்பு விட்டேன், பேசவில்லை. அவர் இரண்டு தடவை குழம்பு நன்றாக இருக்கிறது என்றார்.

ஒரு வாரம் அப்படியே போனது. ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், அடுப்பங்கரையில் சாரோடு மனதுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். இணையத்தில் ஏற்றிய அந்தப் பாட்டின் இணைப்பு எனக்கே நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிட்டது, கைகூப்பிய படங்களோடு. சிநேகிதி மட்டும் எதுவும் அனுப்பவில்லை. பாட்டு அவளுடையது. வெளியீட்டன்று கூட்டத்தில் தூரத்தில் இருந்து தலையசைத்ததோடு சரி. எனக்கு அதுவும் உறுத்தியது. கடைசியில் நானே போன் பண்ணினேன்.

"பாட்டு எப்பிடி இருந்துதுன்னு நீ ஒண்ணும் சொல்லல்லியே?"

"என்னத்தச் சொல்ல? நான் கேட்டது ஒண்ணு, நீ வாசிச்சது ஒண்ணு. உனக்கு அது வேண்டாம்னு தோணிருக்கும். சபையில நல்லா கேக்கணும்னு மாத்திட்ட. செய்துட்டுப் போ," என்றாள்.

ஒரு வாரமாக அவள் என்னைத்தான் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது என்று சார் சொன்னாரே, முக்கியமாகத் தெரிய வேண்டியவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் கணவர் கேட்காததை, எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாத இவள் கேட்டிருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீ வாசிச்சது இன்னும் அங்க இருக்கா?"

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவளுடைய ஸ்கூட்டரில் இரண்டு பேரும் புதுக்கடைக்குப் போனோம். சந்தை கூடும் நாள். வாழைக்குலை ஏற்றிய டெம்போக்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து மாடிக்கு ஏறினோம். ஸ்டூடியோக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார் சொன்னாரு, நான் செய்தேன். நீங்களே சரின்னு சொன்னதா நினைச்சேங்க்கா. பழசு அழிக்கல்ல. இருக்கு."

முதலில் திருத்தியதைப் போட்டார், பிறகு நான் வாசித்ததை. திரையில் என் சுரங்கள் சின்னச் சின்னப் பட்டைகளாகத் தெரிந்தன. திருத்தியதில் எல்லாம் கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்தன. என்னுடையதில் வளைந்து, நழுவி, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் கிடந்தன. 'ஏன்' வரும் இடத்தில் டி கார்டு ஒலித்தது, கிட்டார் மைனருக்கு இறங்கிப் பாதி ஏறி நின்றது. சிநேகிதி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவள் அழுவதைப் பார்த்து ஸ்டூடியோக்காரர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார், என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது வேறு ஆளாக இருந்தாள். நான் கோபப்பட்டால் கத்துவேன். அவள் கோபப்பட்டால் குரல் தாழும்.

"வா, பாஸ்டர்கிட்ட போவோம்."

போதகர் நல்ல மனிதர். சாரையும் கூப்பிட்டு அனுப்பினார். போதகர் வீட்டு முன்னறையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். சிநேகிதி சொன்னாள்: "இவ வாசிச்சத அப்பிடியே போடணும். இல்லன்னா எனக்க பாட்ட எடுத்துருங்க."

"சபைக்குக் குடுத்த பாட்டு சபைக்க பாட்டு," என்றார் சார். "இனி எடுக்க முடியுமா? எல்லாரும் கேட்டாச்சு. ஒருத்தரு குறை சொன்னாங்களா?"

"நான் சொல்லுதேனே சார். நான் ஒருத்தரு இல்லியா?"

போதகர் இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு பதிவையும் கேட்கச் சொன்னோம், கேட்டார். தனக்குச் சங்கீதம் அவ்வளவு தெரியாது என்றார். கடைசியில், ஏற்கெனவே பரவியதை ஒன்றும் செய்ய முடியாது, அது அப்படியே இருக்கட்டும், நான் வாசித்ததையும் பக்கத்திலேயே தனியாகப் போடலாம் என்று சொன்னார். சிநேகிதி என்னைப் பார்த்தாள். களைத்துப் போயிருந்தோம். சரி என்றோம்.

இரண்டு நாளில் அது வந்தது. போனில் திறந்து பார்த்தேன். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'திருத்தாத பதிவு' என்று போட்டிருந்தார்கள்.

சாருக்குப் போன் பண்ணி, அந்த வார்த்தையை எடுக்கச் சொன்னேன். "உள்ளதத்தானே எழுதியிருக்கு மோளே? திருத்தல்ல, அதனால திருத்தாத பதிவு," என்றார். கணக்கு வாத்தியார். அதில் என்ன அவமானம் இருக்கிறது என்று அவருக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. திருத்தாத பதிவு என்றால் பிழை இருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கும் அது அப்படியே இருக்கிறது. கேட்கிறவர்கள் முதலில் அடைப்புக்குறியைப் படித்துவிட்டு, பிறகு பிழையைத் தேடிக் கேட்கிறார்கள். ஒருத்தி எனக்கு ஆறுதல் சொல்லிச் செய்தி அனுப்பினாள்: பரவாயில்லை அக்கா, பழகப் பழக வரும்.

அதற்குப் பிறகு நானும் சிநேகிதியும் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போகவில்லை. அவள் இன்னொரு பாட்டு எழுதிவிட்டாள். அதை யாருக்கும் கொடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருகிறாள், இரண்டு பேரும் வாசித்துப் பாடுகிறோம். ஒருமுறை பூதப்பாண்டியில் அவளுடைய சொந்தக்காரர் வீட்டுத் துக்கத்தில் பாடச் சொன்னார்கள். வயல் வேலையை விட்டு வந்த ஆட்கள் வாசலில் நின்றார்கள், மைக் இல்லை. 'ஏன்' வந்தபோது நான் கம்பியைத் தள்ளிப் பாதியில் நின்றேன். யாரும் என்னிடம் வந்து எதையும் சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது சார் என் கணவரின் கடைக்குப் போயிருக்கிறார். மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கிவிட்டு, கிட்டாருக்கு ஆள் வேண்டும், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். என் கணவர், "அவளுக்க காரியம் எனக்குத் தெரியாது சார். நேரா வீட்டுல வந்து கேளுங்க," என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இதை அவர் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். நான் அவருக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

சார் வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். மழையைப் பற்றிப் பேசினார், ரப்பர் விலையைப் பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"கிறிஸ்மஸ் பாட்டுக்கு நீ வேணும் மோளே. அந்த டீச்சருக்க புதுப் பாட்டும் வேணும்."

"வாறேன் சார். முதல்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வாசிக்கதுல யாரும் கை வைக்கப்பிடாது. சரியோ தப்போ, எனக்கட்ட கேக்காம ஒரு சுரத்தத் தொடப்பிடாது."

அவர் தம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அது எப்பிடி மோளே? தலைவர்னு ஒருத்தன் இருக்கேன் இல்லியா? பாப்போம்."

"நீங்க பாப்போம்னா நானும் பாப்போம் சார்."

அவர் மிச்ச டீயைக் குடித்தார். டீ நன்றாக இருந்தது என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நடந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து சிநேகிதிக்குப் போன் பண்ணி, சனிக்கிழமை வழக்கம்போல வீட்டுக்கு வரச் சொன்னேன்.